ஸ்காயனில் இரண்டு கடல்

கோபன்ஹேகன் கடற்கன்னி சிலையைப் பார்த்துவிட்டு மகள் "இவ்வளவுதானா?" எண்டாள். 1.25 மீட்டர்தான், நேரமிருந்தால் பாருங்கோ. அதைவிட வடக்கே ஸ்காயனுக்குப் போங்கோ. அங்கே கிரேனன் முனையில் ஸ்காகராக், கட்டகாட் இரண்டு கடலும் அலையோடு அலை மோதும்.

முழங்கால் நோவோடு அம்மாவுக்கு மணலில் நடக்க ஏலாது. டிராக்டர் இழுக்கும் 'சாண்டோர்மன்' வண்டி முனைவரை கொண்டுபோய் விட்டது. பருத்தித்துறையை விட்டு வந்தபிறகு அம்மா கடலில் கால் வைத்தது அன்றைக்குத்தான்.

கால் மட்டும் நனைக்கலாம். நீந்தத் தடை, நீரோட்டம் ஆளை இழுத்துக்கொண்டு போய்விடும். பிள்ளைகளின் கையை விடாதேங்கோ. ஜூலையிலும் காற்று குளிரும், தடித்த ஜாக்கெட் வேணும். அம்மா தன்ரையைக் கழற்றி என்னட்டைத் தந்துவிட்டு, கனநேரம் தண்ணிக்குள்ளேயே நிண்டவ.