தொட்டிப்பாலத்து மேலும் கீழும்

செப்டம்பர் 12, திருவட்டாறு

கன்னியாகுமரி ஜில்லா என்றால் வயல்தான் என்று அதன் கீழ்ப்பக்கத்தில் பிறந்த எனக்கு நினைப்பு. தக்கலை தாண்டியதும் சமதளம் முடிந்துவிட்டது. வேர்க்கிளம்பி வழியாக வந்த பஸ் ஏறுவதும் இறங்குவதுமாகவே இருந்தது. ஏறினால் மேட்டு விளை, இறங்கினால் ஏலா வயல். மேட்டில் ரப்பரும் மரச்சீனியும். பள்ளத்தில் நெல் இருக்க வேண்டிய இடத்தில் பெரும்பாலும் வாழை, தென்னை, புது வீடுகள்.

செப்டம்பர் 13

விடியுமுன் ரப்பர் தோட்டத்துக்குப் போனேன். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்வெட்டுகிறவர் மரத்துக்கு மரம் ஓட்டமும் நடையுமாகப் போகிறார். பட்டையைச் சாய்வாக, மெல்லிய சீவலாக எடுக்கிறார். கத்தி கொஞ்சம் ஆழமாக இறங்கினால் மரம் கெட்டுவிடும்.

"வெயில் ஏறினா பால் வத்திரும், சாரே. மழ பெஞ்சா வெட்டும் கிடையாது, கூலியும் கிடையாது."

சிரட்டையில் சேர்ந்த பாலை எடுத்து ஆசிட் விட்டு உறைய வைக்கிறார்கள். ரோலரில் கொடுத்தால் ஷீட். வெட்டில் காய்ந்து ஒட்டியிருப்பது ஒட்டுப்பால், அதற்குத் தனி விலை. மத்தியானம் அவர் வீட்டில் மரச்சீனியும் சாளைக் கறியும். மலையடிவாரத்தில் இருந்துகொண்டு கடல்மீன் தின்னும் பாக்கியம் இந்த ஜில்லாவுக்கு உண்டு.

செப்டம்பர் 14, மாத்தூர்

இரண்டு குன்றுகள், நடுவே ஆழத்தில் பறளியாறு. ஒரு குன்றிலிருந்து மறு குன்றுக்குப் பட்டணங்கால் கால்வாய்த் தண்ணீரைக் கொண்டுபோகத்தான் இந்தத் தொட்டிப்பாலம். காமராஜர் காலத்துத் திட்டம், 1966இல் முடிந்தது. 28 தூண்கள், உயரம் 115 அடி. மேலே நடந்தால் ஒரு பக்கம் தொட்டியில் தண்ணீர் கூடவே வருகிறது. எட்டிப் பார்த்தால் தென்னை மண்டைகள் காலுக்குக் கீழே. படியிறங்கி ஆற்றங்கரையில் நின்று அண்ணாந்து பார்த்தபோதுதான் அதன் பிரம்மாண்டம் உறைத்தது. வந்தவர்களில் பாதிப்பேர் மேலே நின்று போட்டோ எடுத்துவிட்டு, அன்னாசிப்பழம் தின்றுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள்.

வறட்சியில் கிடந்த கல்குளம், விளவங்கோடு பகுதிகளின் விவசாயத்துக்காகக் கட்டியது இது. ஆனால் இன்று மேட்டில் நிற்கும் ரப்பர் கால்வாய்த் தண்ணீருக்குக் காத்திருக்கும் பயிரல்ல. மழையே அதற்குப் போதும். ரப்பர் வைத்தவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நெல்லில் கையில் நிற்காத காசு அவனுக்கு அதில் நின்றது. ஆனால் ஏலாவில் மண்ணடித்து மனை போடுவதை மன்னிக்க முடியாது. மண்ணடித்த ஏலா திரும்ப வயலாகாது.

செப்டம்பர் 15, பேச்சிப்பாறை

அணையை 1906இல் கட்டி முடித்தார்கள், திருவிதாங்கூர் மூலம் திருநாள் மகாராஜா காலத்தில். கட்டிய எஞ்சினியர் மிஞ்சின் துரையின் கல்லறையும் இங்கேதான். கீழே வயல்களில் கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு போக நெல்லும் இந்த அணைத் தண்ணீரை நம்பித்தான்.

மாத்தூருக்கு வருகிறவர்கள் ஜூனுக்கும் பிப்ரவரிக்கும் இடையில் வாருங்கள். பாசனத்துக்குத் தண்ணீர் விடும் மாதங்கள் அவை. வந்தால் படியிறங்கிக் கீழேயும் போய்ப் பாருங்கள்.