முடிவெடுப்பவர் எங்கே இருக்கிறார்?

பேரிடர் என்றால் நம் ஊர்களில் ஆள்பலத்துக்குக் குறைவில்லை. படகும் உணவுப் பொட்டலமும் ஆம்புலன்சும் வந்து சேர்ந்துவிடுகின்றன. யார் எங்கே செல்ல வேண்டும் என்று சொல்லும் இடம் மட்டும் பெரும்பாலும் இருப்பதில்லை. அந்த இடத்தைப் பற்றிச் சில செய்திகளை நம் சகோதர சகோதரிகளுடன் பகிர விரும்புகிறோம்.

1970ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 13 நாள்கள் காட்டுத்தீ பரவியது. 16 பேர் இறந்தனர். ஏறத்தாழ 700 கட்டடங்கள் அழிந்தன. தீயணைப்பு வீரர்களிடம் துணிவு இருந்தது. ஆனால் ஒரு துறையின் வானொலி மற்றொரு துறைக்குக் கேட்கவில்லை. ஒரே பொருளுக்கு ஆளுக்கொரு பெயர். தலைவர் யார் என்பதிலும் தெளிவில்லை. இந்தப் பட்டறிவிலிருந்தே ‘நிகழ்விடக் கட்டளை முறை’ பிறந்தது. ஒரு நிகழ்வுக்கு ஒரே கட்டளை நிலையம். ஒருவரின் மேற்பார்வையில் 3 முதல் 7 பேர். அனைவருக்கும் பொதுவான சொற்கள். இம்முறையைத் தழுவி இந்தியாவின் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையமும் 2010இல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது.

பெருநகரங்கள் இதற்கெனப் பேருந்து அளவிலான ஊர்தியை வைத்திருக்கின்றன. அமெரிக்கச் சிற்றூர்களின் தன்னார்வத் தீயணைப்புப் படைகளுக்கு அது எட்டாத விலை. ஆகவே அவர்களுள் பலர், பிக்அப் வண்டியின் பின்னால் பூட்டி இழுத்துச் செல்லும் டிரெய்லரைப் பயன்படுத்துகின்றனர். அதற்குத் தனி இயந்திரம் இல்லை, பராமரிப்பும் குறைவு. உள்ளே மேசை, வரைபடம், வெள்ளைப் பலகை, வானொலிக் கருவிகள், சிறு ஜெனரேட்டர். அதை இறக்கிவிட்டதும் இழுத்து வந்த வண்டி வேறு பணிக்குச் சென்றுவிடலாம். ஆபத்து எட்டாத, ஆனால் அருகிலுள்ள மேட்டில், புகை வராத பக்கமாக நிறுத்துவார்கள்.

டிரெய்லர் இல்லாத ஊரிலும் அதன் வேலையைச் செய்ய இயலும் என்பதை நாங்கள் கஜா புயலில் கண்டோம். 2018 நவம்பர் 16 அன்று புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபின் மின்சாரம் இல்லை, கைப்பேசிகளும் ஓய்ந்தன. பிள்ளைகள் அலிஃப், பா எழுதும் கரும்பலகையை மதரஸா திண்ணையில் சாய்த்து வைத்து, தெரு, ஆள்கள், தேவை என மூன்று பத்திகளாகப் பிரித்தோம். சாலையோர வீடுகளுக்கே மீண்டும் மீண்டும் அரிசி தந்துகொண்டிருந்த வெளியூர் லாரிகள், பலகையைப் பார்த்தபின் உட்தெருக்களுக்குச் சென்றன. இன்சுலின் தீர்ந்துபோன முதியவர் ஒருவரின் பெயரை அண்டைவீட்டு இந்துச் சகோதரர் வந்து எழுதிவிட்டுப் போனார். மாலைக்குள் மருந்து கிடைத்தது, அல்ஹம்துலில்லாஹ்.

மூவர் பயணம் புறப்பட்டால் ஒருவரைத் தலைவராக்கிக்கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். பத்ருக் களத்தில் ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களின் யோசனைப்படி நபியவர்களுக்கென ஒரு பந்தல் அமைக்கப்பட்டதாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. தலைமைக்கு ஓர் ஆளும் ஓர் இடமும் வேண்டும் என்பது நமக்குப் புதிதன்று.

ஆம்புலன்ஸ் வாங்கிய ஜமாஅத்துகள் அடுத்த மழைக்காலத்துக்கு முன் இதையும் எண்ணிப் பார்க்கட்டும். சிறிய இழுவை வண்டி போதும். இயலாவிட்டால் பள்ளிவாசலில் ஓர் அறை போதும். முஹல்லா வரைபடம், பலகை, குறிப்பேடு, பேட்டரி விளக்கு ஆகியவற்றுடன், மாவட்ட நிர்வாகத்தோடு தொடர்பு கொள்ளும் பொறுப்பாளர் ஒருவரும் வேண்டும். அந்த ஒருவரைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். வெள்ளத்தில் இறங்க இளைஞர்கள் முந்திக்கொள்கிறார்கள். பலகையருகே அமர்ந்திருப்பவரைப் படம் எடுக்க யாரும் வருவதில்லை. ஆயினும் அவர் எழுதும் ஒரு வரியில் ஓர் உயிர் இருக்கலாம்.

காணப்படாத பணியையும் மனத்தூய்மையுடன் செய்யும் உள்ளங்களை அல்லாஹ் நமக்கு அருள்வானாக! ஆமீன்.