பட்டாளத்தாருக்கு எந்த மையவாடி?



பட்டாளத்தில் பணியாற்றியவர் மரணித்தால், அவரையும் அவருடைய குடும்பத்தாரையும் அடக்குவதற்கென்று அரசு ஓர் இடம் வைத்திருக்கிறதா? எங்கள் சாச்சா மௌத்தான பிறகு இக்கேள்வியைப் பலர் எங்களிடம் கேட்டுவிட்டனர். அமெரிக்காவில் பிள்ளைகள் இருக்கும் வீட்டினர், அங்கே வரிசை வரிசையாக வெண்கற்கள் நடப்பட்ட அடக்கத்தலங்களைப் பார்த்து வந்து, நம் நாட்டிலும் அப்படியொன்று இருக்குமென எண்ணுகின்றனர். இல்லை. இங்கே இந்து வீரர் அவருடைய ஊர்ச் சுடுகாட்டிற்கும், முஸ்லிம் வீரர் அவருடைய ஜமாஅத்தின் மையவாடிக்குமே செல்கின்றனர். சென்னை நந்தம்பாக்கத்திலும் இம்பாலிலும் இருக்கும் போர்க் கல்லறைத் தோட்டங்கள் உலகப் போர்களில் இறந்தோருக்கானவை. அவற்றைப் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 1914 ஆகஸ்ட் முதல் 1921 ஆகஸ்ட் வரையிலும், 1939 செப்டம்பர் முதல் 1947 டிசம்பர் வரையிலும் இறந்த வீரர்களையே தன் கணக்கில் கொள்கிறது. அவர்களின் மனைவி மக்களுக்கு அங்கே இடமில்லை.

சாச்சா முழுநேரப் படைவீரர் அல்லர். பிராந்திய ராணுவத்தில் இருந்தவர். இப்படையைப் பற்றி நம்மவர்களில் அறிந்தோர் குறைவு. 1948-இல் இதற்கான சட்டம் இயற்றப்பட்டு, 1949 அக்டோபர் 9 அன்று அப்போதைய கவர்னர் ஜெனரல் இராஜாஜி இதைத் தொடங்கி வைத்தார். தம் தொழிலைச் செய்துகொண்டே ஆண்டுக்கு ஏறக்குறைய இரண்டு மாதம் பயிற்சிக்குச் சென்று வருவர். நாட்டுக்குத் தேவை நேர்ந்தால் முழுநேரப் பணிக்கு அழைக்கப்படுவர். தமிழகத்தில் கோவையிலும் திருச்சியிலும் இதன் பட்டாளங்கள் உள்ளன. சாச்சா சிதம்பரத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தார். ஆண்டுதோறும் கடையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டுக் கோவைக்கு ரயில் ஏறுவார். இரண்டு முறை காஷ்மீருக்கும் அழைக்கப்பட்டார். அங்கே நோன்பு காலத்தில் பனியில் நின்று சஹர் செய்ததை அவர் சொல்லக் கேட்டுத்தான் நாங்கள் வளர்ந்தோம்.

அவர் கடலூரில் மகன் வீட்டில் மௌத்தானார். இஷாவுக்குப் பின் உயிர் பிரிந்தது. ஜனாஸாவின் மீது தேசியக் கொடி போர்த்த வேண்டும் என்று மகன் விரும்பினார். அவருடைய விருப்பத்தில் நியாயம் இருந்தது. ஆனால் 1971-ஆம் ஆண்டின் தேசிய மரியாதை அவமதிப்புத் தடுப்புச் சட்டப்படி, அரசு மரியாதையோடும் படைத்துறை மரியாதையோடும் நடக்கும் அடக்கங்களில் தவிர வேறெங்கும் கொடியைப் போர்வையாகப் பயன்படுத்துதல் குற்றம். அவ்வாறு போர்த்தப்படும் கொடியையும் கபுரினுள் இறக்கலாகாது என்று கொடி விதிகள் கூறுகின்றன. அது நம் மார்க்க முறைக்கும் பொருத்தமே. மறுநாள் காலை விசாரித்தபோது தெரிந்த செய்தி இது: பிராந்திய ராணுவத்தினரில் முழுநேரப் பணிக்காக ஓய்வூதியம் பெறுவோர், படைப்பணியால் உடல் ஊனமுற்றோர், வீரதீர விருது பெற்றோர் ஆகியோரே முன்னாள் படைவீரர் எனும் வரையறைக்குள் வருவர். சாச்சா மூன்றிலும் இல்லை. ஆகவே மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் பதிவேட்டில் அவர் பெயர் இல்லை. ஈமச்சடங்கு உதவிக்கும் வழியில்லை. அலுவலர் மரியாதையாகவே எடுத்துரைத்தார். இனி வரும் ஆண்டுகளில் இக்கேள்வி பல வீடுகளுக்கு வரும். 2022-இல் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் நான்காண்டுகள் பணியாற்றி வெளியேறும் இளைஞர்களுக்கும் முன்னாள் படைவீரர் தகுதி கிடையாது.

கொடி இல்லாததில் எங்களுக்குப் பெரிய வருத்தமில்லை. அன்றிரவு எங்களை வாட்டியது வேறொன்று.

மகன் குடியிருந்த பகுதியின் பள்ளியில் சாச்சா உறுப்பினர் அல்லர். சிதம்பரத்தில்தான் அவருக்குச் சந்தாப் புத்தகம் இருந்தது. கடலூருக்கு வந்த மூன்றாண்டுகளாக அதுவும் கட்டப்படவில்லை. மையவாடியில் இடம் கேட்கச் சென்ற எங்களிடம் நிர்வாகிகளில் ஒருவர், "வெளி மஹல்லா ஆளுக்கு நாங்கள் எப்படி இடம் கொடுப்பது? அவங்க ஊர்லேர்ந்து கடிதம் வாங்கிட்டு வாங்க" என்றார். சிதம்பரத்துக்குத் தொலைபேசியில் அழைத்தால், அங்கே மூன்றாண்டு நிலுவையைச் சொன்னார்கள். இரவு பதினொரு மணிக்கு, வீட்டில் மையித்தை வைத்துக்கொண்டு, இரண்டு ஊருக்கும் நடுவில் நாங்கள் நின்றோம். சிலர் வண்டி வைத்துச் சிதம்பரத்துக்கே கொண்டு போய்விடலாம் என்றனர். நாற்பத்தைந்து கிலோமீட்டர்தானே என்றனர்.

தொலைவு ஒரு பொருட்டல்ல என்பது உண்மைதான். ஆனால் மார்க்கத்தில் இதற்கு ஒரு நெறி இருக்கிறது. உஹுத் போரில் ஷஹீதான தம் உறவினரை மதீனாவுக்கு ஒட்டகத்தில் ஏற்றிக் கொண்டு சென்றோரை நபி (ஸல்) அவர்கள் திரும்ப அழைத்து, விழுந்த இடத்திலேயே அடக்கச் செய்தார்கள் என்பதை ஜாபிர் (ரலி) அவர்களின் அறிவிப்பால் அறிகிறோம். அவ்வாறு திரும்பியவர்களில் ஜாபிரின் தந்தையும் ஒருவர். ஷாஃபிஈ மத்ஹபில் மக்கா, மதீனா, பைத்துல் முகத்தஸ் ஆகியவற்றின் அருகே இருந்தாலன்றி மையித்தை வேறூருக்குக் கொண்டு செல்வதை ஹராம் என்போரும் மக்ரூஹ் என்போரும் உளர். ஹனஃபி நூல்களும் ஒன்றிரண்டு மைலுக்கு மேல் தாராளம் காட்டவில்லை. மௌத்தான ஊரிலேயே, தாமதியாமல் அடக்குவதே சுன்னத்தான வழி. பள்ளியின் இமாம், வயதில் இளையவர், இதையே நிர்வாகிகளிடம் எடுத்துச் சொன்னார். மையித்தைக் குளிப்பாட்டி, கபனிட்டு, தொழவைத்து, அடக்குவது அவ்வூர் முஸ்லிம்கள் அனைவர் மீதும் விழுந்த ஃபர்ளு கிஃபாயா. அதற்குக் கடிதம் எதற்கு என்று கேட்டார். ஒரு மணி நேரப் பேச்சுக்குப் பின் இடம் கிடைத்தது. ஃபஜ்ரு தொழுகைக்குப் பின் அடக்கம் நடந்தது.

நிர்வாகிகளைத் தீயவர்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. இடம் குறைவு, சுவர் கட்டவும், குழி வெட்டுவோருக்குக் கூலி கொடுக்கவும் சந்தாதான் வருமானம். கட்டாதவருக்கும் கட்டியவருக்கும் வேறுபாடு இல்லையென்றால் யார் கட்டுவார் என்பது அவர்களுடைய கேள்வி. ஆனால் நிலுவையை வாரிசுகளிடம் பின்னர் வசூலிக்கலாம். மையவாடி என்பது ஒரு வக்ஃபு. முஸ்லிம்களை அடக்குவதற்காகவே ஒருவர் அல்லாஹ்வுக்காக விட்டுச்சென்ற நிலம். அந்த மனிதர் சந்தாப் புத்தகத்தைப் பற்றி எதுவும் நிபந்தனை எழுதியிருக்க மாட்டார் என்றே நாங்கள் நினைக்கிறோம். 2004 டிசம்பர் 26-இல் கடல் பொங்கியபோது பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் மீனவக் கிராமத்து மக்களுக்கு ஓடிச்சென்று உதவினார்கள். அன்று எவரும் எவரிடமும் ஊரும் பேரும் கேட்கவில்லை.

நம் நாட்டில் படைவீரரின் உடல் வீடு வந்து சேர்வதே அண்மைக்கால வழக்கம். 1999 கார்கில் போரில்தான் வீரர்களின் உடல்களை அவரவர் ஊருக்கு அனுப்பிவைக்கும் முறை பரவலாயிற்று. அதற்கு முன் களத்தின் அருகிலேயே எரிப்பர் அல்லது அடக்குவர். பரம்வீர் சக்ரா பெற்ற ஹவில்தார் அப்துல் ஹமீத் 1965 செப்டம்பரில் பஞ்சாபின் அசல் உத்தர் எனுமிடத்தில் பாகிஸ்தானிய டாங்கிகளைத் தகர்த்து உயிர்துறந்தார். அவருடைய கபுர் அங்கேயே இருக்கிறது. அவருடைய மனைவி ரசூலன் பீவி உத்தரப்பிரதேசத்துக் காஜிப்பூர் மாவட்டத்தில், கணவர் இறந்து அரை நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்து, 2019-இல் மரணித்தார். இருவருக்கும் நடுவே பல நூறு மைல். 1948 ஜூலை 3-இல் காஷ்மீரத்து ஜங்கரில் வீழ்ந்த பிரிகேடியர் முஹம்மது உஸ்மானை டில்லிக்குக் கொண்டுவந்து, பிரதமர் நேரு முன்னிலையில், ஜாமிஆ மில்லியா இஸ்லாமியாவின் மையவாடியில் அடக்கினர். தனிப் படைவீரர் அடக்கத்தலம் இல்லாத நாட்டில் அத்தகைய பெருவீரருக்கும் ஒரு கல்விநிலையத்தின் மையவாடிதான் இடம் தந்தது. 2020 டிசம்பரில் அந்தக் கபுர் சேதமுற்றிருந்தது தெரியவந்து, பின்னர் ராணுவமே சீர்செய்தது.

கார்கில் போரில் துர்துக் பகுதியில் வீழ்ந்த கேப்டன் ஹனீஃபுத்தீனின் தாயாரையும் இங்கே நினைக்க வேண்டும். மகனின் உடல் பனிமலையில் எதிரியின் குண்டுவீச்சுக்கு எட்டும் இடத்தில் கிடந்தது. அதை மீட்பதற்காக இன்னொரு தாயின் பிள்ளையின் உயிரைப் பணயம் வைக்க வேண்டாம் என்று படைத்தலைமையிடம் அவர் சொல்லிவிட்டார். ஒரு மாதத்துக்கும் மேலான பின்பே உடல் மீட்கப்பட்டது. மையித்தை உடனே அடக்க வேண்டும் என்ற நம் சட்டத்தைச் சொல்லி அவரிடம் எவரும் வாதிட முடியாது.

நம் மாவட்ட மண்ணிலேயே 1781-இல் பரங்கிப்பேட்டையிலும் 1783-இல் கடலூரிலும் நடந்த போர்களில் இரு தரப்பிலும் முஸ்லிம் சிப்பாய்கள் நின்றனர். அவர்கள் எங்கே புதைந்திருக்கிறார்கள் என்பதற்கு ஒரு கல்கூட இல்லை. முதல் உலகப்போரில் இங்கிலாந்தின் பிரைட்டன் மருத்துவமனைகளில் இறந்த இந்திய முஸ்லிம் வீரர்களுக்கு மட்டும், வோக்கிங் ஷாஜஹான் பள்ளிவாசலின் அருகே ஆங்கில அரசு தனி அடக்கத்தலம் அமைத்தது. முஸ்லிம் வீரர்களை முறைப்படி அடக்குவதில்லை என ஜெர்மானியர் பரப்பிய பேச்சுக்கு மறுமொழியாகவும் அது இருந்தது. 1968-இல் அக்கபுர்களை ப்ரூக்வுட்டுக்கு மாற்றிவிட்டனர்.

அமெரிக்காவைப் பற்றிக் கேட்டவர்களுக்காக: அங்கேயும் சாச்சாவைப் போன்றவர்களுக்கு நெடுங்காலம் கதவு திறக்கவில்லை. பயிற்சிக்கு மட்டும் சென்று வந்த சேமப்படையினர், பயிற்சியின்போதே இறந்தாலோ இருபதாண்டுகள் பணியாற்றி ஓய்வூதியத்துக்குத் தகுதி பெற்றாலோ அன்றி, படைவீரர் அடக்கத்தலத்தில் இடம் பெற முடியாது. 2022-இல் வந்த ஒரு சட்டம், மத்திய அரசின் நிதி பெறும் மாநில அடக்கத்தலங்கள் சேமப்படையினரையும் அவர்தம் மனைவி, சிறு பிள்ளைகளையும் ஏற்க வழிசெய்தது. தேசிய அடக்கத்தலங்களின் விதி அப்படியே நீடிக்கிறது. கல்லில் பிறையும் நட்சத்திரமும் பொறிக்க அரசே ஏற்பாடு செய்கிறது. ஆர்லிங்டனில் ஈராக்கில் இறந்த கேப்டன் ஹுமாயூன் கானின் கபுர் உள்ளது. ஆயினும் கணவன் மனைவியைப் பெரும்பாலும் ஒரே குழியில் அடுக்காக வைப்பது அங்கே நடைமுறை. நம் ஃபிக்ஹில் நிர்ப்பந்தம் இருந்தாலன்றி ஒரு கபுரில் ஒருவரே. அங்கிருக்கும் நம் பிள்ளைகள் இதை முன்கூட்டியே எழுதிக் கேட்டுக்கொள்ளட்டும்.

சாச்சியின் ஆசையும் அதுவாகவே இருந்தது. ஒரே குழி வேண்டாம், பக்கத்துக் குழி போதும் என்றார். மையவாடியில் முன்பதிவு கிடையாது; இருக்கவும் கூடாது. உடல் முற்றிலும் மண்ணான பின் அதே இடத்தில் மற்றொருவரை அடக்கலாம் என்பது இரு மத்ஹபினரும் ஒப்பியது. ஆனால் உஸ்மான் இப்னு மழ்வூன் (ரலி) அவர்களின் கபுரின் தலைமாட்டில் நபி (ஸல்) அவர்கள் தம் கையாலேயே ஒரு கல்லை வைத்து, இடத்தை அறிந்துகொண்டு தம் குடும்பத்தில் இறப்போரை அருகில் அடக்குவதற்காக என்று காரணமும் சொன்னார்கள் என இமாம் கூறியபோது, திரைக்குப் பின்னிருந்து சாச்சி அழுதது எங்களுக்குக் கேட்டது. இத்தா முடிந்த பின் மகன் ஒரு கருங்கல்லை நட்டார். பெயர் எழுதவில்லை.

இப்போது சாச்சி கடலூரிலேயே மகனோடு தங்கிவிட்டார். சிதம்பரத்து வீடு வாடகைக்கு விடப்பட்டிருக்கிறது. பழைய மூன்றாண்டு நிலுவையை மகன் அங்கே சென்று கட்டி ரசீது வாங்கிவந்தார். இங்குள்ள பள்ளியில் சாச்சியின் பெயரில் புதிய சந்தாப் புத்தகம் போட்டிருக்கிறார்கள். மாதத்தின் முதல் ஜுமுஆவன்று அதைக் கொடுத்தனுப்ப அவர் மறப்பதில்லை.