வேடம் கிடைக்காத வேளை

முத்தமிழை இயல், இசை, நாடகம் என எண்ணிய நம் முன்னோர் நாடகத்தை இறுதியில் வைத்தனர். முன்னவை இரண்டும் கூடிய பின்னரே மூன்றாவது பிறக்கும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். அக்கலைக்கு மற்றோர் இயல்பும் உண்டு. புலவன் தனித்திருந்து பாடலாம்; அவன் பாட்டை ஓர் இதழ் திருப்பி அனுப்பினும் பாட்டு அவன் கையில் எஞ்சும். இசைவாணன் ஆற்றங்கரையில் அமர்ந்து தனக்கே பாடிக்கொள்ளலாம். நடிகனுக்கோ அரங்கு வேண்டும், உடன் நடிப்போர் வேண்டும், காண்போர் வேண்டும், இவற்றுக்கெல்லாம் முன்பாக, 'இவ்வேடம் உனக்கு' என்று ஒருவர் சொல்லவும் வேண்டும். அவர் சொல்லாது விடும்போது மறுக்கப்படுவது ஒரு தாளன்று. குரலும் முகமும் நடையும் கூடிய ஆளே மறுக்கப்பட்டதாகத் தோன்றும். ஆதலின் நடிகர் தேர்வில் நேரும் மறுப்பு ஆழமாகத் தைக்கிறது. இம்மலரைப் படிக்கும் மாணவருள் அத்தகைய காயம் பட்டோர் சிலரேனும் இருப்பர். அவர்பொருட்டு யாம் அறிந்த சிலவற்றை ஈண்டு எழுதுகின்றோம்.

பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயம் 1891ஆம் ஆண்டு வெளிவந்தது. ஐந்து அங்கங்களும் இருபது களங்களும் கொண்ட அச்செய்யுள் நாடகத்தின் நூற்றாண்டை ஒட்டி, 1991இல் யாம் பயின்ற கல்லூரியில் அதன் சில களங்களை நடிப்பதென முடிவு செய்தனர். யாம் அப்போது இளங்கலை இரண்டாம் ஆண்டு மாணவர். ஆடவர் கல்லூரியாதலின் மனோன்மணியும் வாணியும்கூட மாணவரே ஆகவேண்டும். யாம் விரும்பியது குடிலன் வேடம். பாண்டியன் சீவகனை இன்சொல்லால் மயக்கி, அவன் நாட்டையே கவர எண்ணும் அமைச்சன் அவன். அவன் தனிமொழிகளை விடுதி மொட்டைமாடியில் இரவெல்லாம் உருப்போட்டோம். தேர்வு நாளன்று தடையின்றிப் பேசினோம். கேட்டிருந்த ஆசிரியர் மூவரும் தலையசைத்தனர். மூன்றாம் நாள் அறிவிப்புப் பலகையில் பட்டியல் வந்தது. குடிலனுக்கு நேரே எம் அறைத்தோழர் பெயர் இருந்தது. எம் பெயர் எங்கும் இல்லை.

அவ்விரவு அறைக்குத் திரும்புவதே அரிதாயிற்று. தோழரும் பேசவில்லை; யாமும் பேசவில்லை. நான்கைந்து நாள் கழித்து அவர் நாடகப் பிரதியை எம்முன் வைத்து, "நான் சொல்கிறேன், நீ பார்த்துக்கொண்டே வா. இது முழுதும் மனப்பாடமாக இருப்பது உனக்குத்தான். வேறு யாரிடம் கேட்பேன்?" என்றார். கேட்டது சிறிது, கொடுப்பது பெரிது. எமக்கு வேண்டிய சொற்களை அவர் வாயில் எம் கையாலேயே இட வேண்டும். மறுத்திருந்தால் நட்பு முறிந்திருக்காது. ஆயினும் எங்கோ ஓரிடத்தில் நைந்திருக்கும். பிரதியை வாங்கிக்கொண்டோம்.

காரணம் அறிய விரும்பிப் பொறுப்பாசிரியரை ஒருநாள் கண்டோம். அவர் கடிந்துகொள்ளவில்லை. "உன் பேச்சில் குறை இல்லை. சீவகனாக நிற்கும் பையன் உன்னைவிட ஒரு சாண் குட்டை. வஞ்சக அமைச்சன் அரசனை அண்ணாந்து பார்த்துப் பணிய வேண்டும். நீ குனிந்து பார்த்துக்கொண்டு 'அடியேன்' என்றால் சபை சிரித்துவிடும், தம்பி" என்றார். எம் நெஞ்சில் பத்து நாள் கிடந்த பாரத்தில் பாதி அச்சொல்லில் இறங்கியது. திறமை இல்லை என்று அவர்கள் முடிவு செய்ததாக அதுவரை எண்ணியிருந்தோம். அவர்கள் முடிவு செய்தது வேறொன்று. நாடகத்தில் ஒருவரைத் தேர்வது அவரை மட்டும் பார்த்துத் தேர்வதன்று. அவர் அருகில் நிற்பவரையும் சேர்த்துப் பார்த்துத் தேர்வதாகும்.

தமிழ் நாடக வரலாறே இதற்குச் சான்று. சங்கரதாசு சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். அதுபோன்ற பாலர் சபைகளில் சிறுவர்களே இராசபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் ஏற்றனர். அவர்கள் அஞ்சிய சொல் ஒன்று உண்டு, அது மகரக்கட்டு. பருவத்தில் குரல் உடைவதற்கு அது பெயர். நேற்றுவரை மேல்தாயியில் பாடிக் கைதட்டல் பெற்ற சிறுவன் இன்று வாய் திறந்தால் குரல் பிசிறும், வேடம் கைமாறும். அவன் செய்த பிழை யாது? வளர்ந்தான் என்பதொன்றே. குரல் கட்டுப்பட்ட பின் வேறு வேடம் ஏற்று நிலைத்தவரும் உண்டு. மேடையை விட்டே அகன்றவரும் உண்டு.

நாடகத்துக்கு வெளியிலும் ஒரு செய்தி நினைவுக்கு வருகின்றது. வள்ளல் சீதக்காதியின் வேண்டுகோளால் சீறாப்புராணம் பாட முனைந்த உமறுப்புலவர், வரலாற்றுச் செய்திகளைப் பெறுதற்குக் கீழக்கரையில் சதக்கத்துல்லா அப்பாவை அணுகினார் என்றும், புலவரின் அரசவைக் கோலத்தைக் கண்ட அப்பா முதலில் மறுத்தார் என்றும், பின்னரே பரங்கிப்பேட்டை லெப்பை அலி ஹாஜியார் வழியாக உரை கிடைத்தது என்றும் வழிவழியாகச் சொல்வர். முதல் வாயில் அடைபட்டதால் காப்பியம் பிறவாமல் போகவில்லை. வள்ளல் இடையில் மறைந்த பின்னும், அபுல்காசிம் மரைக்காயர் ஆதரவில் பணி தொடர்ந்தது.

ஆயினும் எல்லா மறுப்பும் நியாயமானது என்று யாம் சொல்ல வரவில்லை. உறவு பார்த்தும், ஊர் பார்த்தும், முகத்துக்கு அஞ்சியும் வேடம் வழங்குவோர் உண்டு. அங்கே பொறுமை மட்டும் போதாது; கேள்வியும் வேண்டும். நியாயமான மறுப்பையும் நியாயமற்றதையும் பிரித்தறியக் காரணம் கேட்பதே வழி. அதனை அன்றே கேளாதீர்கள். சினம் தணிந்த பின் கேளுங்கள். சினத்தோடு கேட்பவர்க்கு எவரும் உண்மை சொல்வதில்லை.

எமக்கு இறுதியில் ஒரு பணி தரப்பட்டது. திரைக்குப் பின்னிருந்து அடி எடுத்துக்கொடுக்கும் பணி அது. அகவலில் ஒரு சீர் தவறினும் அடுத்த அடி நழுவும். எவர் எங்கே தயங்குவார் என்பதை மூச்சிலிருந்தே அறிய வேண்டும். ஒரு மாத ஒத்திகையில் குடிலன் ஒருவனையன்றி நாடகம் முழுவதையும் கற்றோம். விழாவன்று தோழர் ஓரிடத்தில் மட்டும் தயங்கினார், முதற்சீரைச் சொன்னோம், பற்றிக்கொண்டார். அவருக்குக் கைதட்டல் எழுந்தபோது மனமார மகிழ்ந்தோம் என்று எழுதினால் அது முழு உண்மையாகாது. பாதி மகிழ்ந்தோம். மறுபாதி மகிழ மேலும் சில ஆண்டுகள் ஆயின. காயத்துக்கு அதற்குரிய காலத்தைக் கொடுத்தே ஆக வேண்டும்.

இன்று நடிகரைத் தேர்ந்தெடுக்கும் நாற்காலியில் யாம் அமர்கின்றோம். நாற்பது பேர் வந்தால் பன்னிருவர்க்கே வேடம் உண்டு. பட்டியலைப் பலகையில் ஒட்டுமுன், எஞ்சிய இருபத்தெண்மரையும் ஒவ்வொருவராக அழைத்துக் காரணம் சொல்வதை வழக்கமாகக் கொண்டுள்ளோம். அதற்கு ஒரு பிற்பகல் முழுதும் செலவாகும். சிலர் தலைகவிழ்ந்து கேட்பர், சிலர் வாதிடுவர், சிலர் கண் கலங்குவர். ஆசிரியப் பெருமக்களும், விழாக்களை முன்னின்று நடத்தும் பெரியோரும் அந்த ஒரு பிற்பகலை இளைஞர்க்கு வழங்க வேண்டுகின்றோம். ஆற்றலுடைய ஒருவன் காரணம் அறியாமல் கலையை விட்டு அகல்வது கலைக்கே இழப்பு.

மாணவச் செல்வங்களே, பட்டியலில் உங்கள் பெயர் இல்லாத நாள் வரலாம். அன்று உண்ணுங்கள், உறங்குங்கள், வேடம் பெற்றவரை வாழ்த்துங்கள். மறுவாரம் ஒத்திகைக் கூடத்துக்குச் சென்று, செய்யத்தக்க பணி ஏதேனும் உண்டா என்று கேளுங்கள். திரை கட்டுவதற்கும் ஆள் வேண்டும். அடி எடுத்துக்கொடுப்பதற்கும் ஆள் வேண்டும்.