யானைக்கு சல்யூட் அடித்த பெரியப்பா

பெரியப்பா இறந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இன்றும் எங்கள் குடும்பத்தில் நாலு பேர் கூடினால் அவருடைய யானைக் கதை வந்துவிடும்.

தொண்ணூறுகளில் நடந்தது. ஈப்போவிலிருந்து கோத்தா பாருவுக்கு லோரியில் சிமெண்ட் ஏற்றிப் போகிறார். கிரிக்கைத் தாண்டி கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில், இன்னும் விடியவில்லை, நடுரோட்டில் பெரிய தந்தத்தோடு ஒரு யானை. கெலிண்டன் பையன் சீட்டுக்கு அடியில் புகுந்துகொண்டான். பெரியப்பா விளக்கை அணைத்துவிட்டு விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தாராம்.

"துவான், இந்த ரோட்டுக்கு நானும் துப்பாக்கி பிடிச்சு காவல் நின்னவன்தான்னு சொன்னேன். எத்தன வருசம் சர்வீஸ்னு கேட்டுச்சு. பன்னெண்டுன்னேன். பென்ஷன் உண்டான்னு கேட்டுச்சு. இல்ல துவான்னேன். அதுக்கே மனசு கேக்கல. ஒதுங்கி வழி விட்டுருச்சு."

சிரித்து முடித்த பிறகுதான் அதிலுள்ள கணக்கு உறைக்கும். சாதாரண சிப்பாய் 21 ஆண்டு சேவையை முடித்தால்தான் ஓய்வூதியம். இவர் 1971இல் பட்டாளத்தில் சேர்ந்து 1983இல் வெளியே வந்தவர். தாத்தா படுத்த படுக்கை, வீட்டில் மூன்று பிள்ளைகள். பட்டாளத்தில் கற்றதில் வெளியே சோறு போட்டது லோரி ஓட்டுவது ஒன்றுதான். இதைப் பற்றி அவர் யாரிடமும் புலம்பி நான் கேட்டதில்லை. யானையிடம் மட்டும் சொல்லியிருக்கிறார்.

அந்தச் சாலையின் கதை இளையவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். 1982இல் அது திறக்கப்படும்வரை வடக்கே மேற்குக் கரையிலிருந்து கிளந்தானுக்கு நேர்வழி கிடையாது. கிரிக்கிலிருந்து ஜெலிவரை ஏறத்தாழ 120 கிலோமீட்டர், அத்தனையும் காடும் மலையும். கம்யூனிஸ்டுகள் நடமாடிய இடம் என்பதால் சாலை போட்டவர்களுக்கு ராணுவம் காவல் நின்றது. திறந்த பிறகும் சில ஆண்டுகள் இரவில் வண்டிகளை விடவில்லை. 1989 டிசம்பரில் ஹாட்யாயில் அமைதி உடன்பாடு கையெழுத்தான பிறகுதான் அந்தக் காட்டில் சண்டை ஓய்ந்தது.

பள்ளி விடுமுறையில் என்னையும் இரண்டு முறை கூட்டிப் போயிருக்கிறார். வழியெல்லாம் கதைதான். "நாட்டுக்காக ரத்தம் சிந்துனியான்னு கேக்குறாங்க. நான் சிந்துனதெல்லாம் அட்டைக்குத்தான்" என்பார். ஆனால் பண்டிங் பாலத்தைத் தாண்டி எங்காவது ஒதுங்க நிறுத்தினால் மட்டும் ஆள் மாறிவிடுவார். தாரை விட்டு இறங்க விடமாட்டார். "புல்லுல கால் வைக்காத. டயர் பக்கமே இரு." ஏன் பெரியப்பா என்றால், "அட்டை கடிக்கும்" என்று ஒரே பதில். சிரிக்காமல் சொல்வார்.

எந்நேரமும் சிரிக்க வைக்கிறவர்கள் மனதில் எதையும் ஒளிக்காதவர்கள் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பெரியப்பா விஷயத்தில், மேற்கொண்டு யாரும் கேட்காமலிருக்கத்தான் அவர் சிரிக்க வைத்தார் என்று எனக்குப் படுகிறது.

சாவு வீட்டுக்கு கோலகங்சாரிலிருந்து ஒரு மலாய்க்காரப் பெரியவர் வந்தார். இடது முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால். 1977இல் ரோந்து போனபோது புல்லுக்குள் மறைத்து வைத்திருந்த வெடி வெடித்திருக்கிறது. முன்னால் போனவர் அவர். அடுத்து வந்தவர் பெரியப்பா. ஹெலிகாப்டர் இறங்கக்கூடிய வெட்டவெளிவரை பெரியப்பாதான் அவரை முதுகில் சுமந்து போயிருக்கிறார்.

"வழியெல்லாம் திட்டிக்கிட்டே வந்தான். ஒரு சப்பாத்து குறைஞ்சும் உன் கனம் குறையலையேடான்னு. அந்த வலியிலயும் எனக்குச் சிரிப்பு வந்துச்சு" என்று மலாயில் சொன்னவர், சொங்கோக்கைக் கழற்றி முகத்தை மறைத்துக்கொண்டார்.

பெரியம்மாவுக்கு அதுவரை இது தெரியாது. நாற்பது ஆண்டுக்கும் மேலான குடித்தனத்தில் அட்டைக் கதை மட்டும்தான் அவர் காதுக்கு வந்திருக்கிறது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு, கையில் தேநீரைக் கொடுத்தார்.

"இன்னொரு தடவ சொல்லுங்க" என்றார்.