சாவிக்கொத்து

விராலிமலை முருகனுக்குச் சுருட்டு நைவேத்தியம் உண்டு. மழையில் நனைந்து, குளிரில் நடுங்கி, ஒரு சுருட்டுக்கு ஏங்கி நின்ற கருப்பமுத்து என்ற அடியாருக்கு முருகனே சுருட்டுக் கொடுத்து ஆற்றைக் கடத்திவிட்டான் என்பது அவ்வூர்க் கதை. வழியில் சிக்கிக்கொண்டவர்களிடம் இந்த முருகனுக்குத் தனி இரக்கம் போலும். இதை எழுத உட்கார்ந்தபோதுதான் இப்படித் தோன்றியது. சிக்கிக்கொண்டு நின்ற அன்று எனக்கு எந்தப் புராணமும் நினைவுக்கு வரவில்லை.

அப்பாவின் கார் 1998இல் வாங்கியது. பதினைந்து ஆண்டு முடிந்தபின் மூன்று முறை பதிவைப் புதுப்பித்துவிட்டார். திருச்சியிலிருந்து முப்பது கிலோமீட்டர்தானே, மதுரைச் சாலையில் நேராகப் போனால் விராலிமலை என்று அந்தக் காரிலேயே கிளம்பினோம். நான் ஓட்டினேன். அம்மாவும் நானும் படியேறித் தரிசனம் முடித்து இறங்கினோம். முழங்கால் வலியால் அடிவாரத்திலேயே அமர்ந்திருந்த அப்பா, மயில்களுக்குத் தம் கைப்பொரியைக் கொடுத்துத் தீர்த்திருந்தார்.

சாவியைப் போட்டேன். திரும்பவில்லை. ஸ்டீயரிங்கும் அசையவில்லை.

"வலிக்காதே. சக்கரத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெல்ல ஆட்டிக்கிட்டே திருப்பு" என்றார் அப்பா. அப்படியே செய்தேன், திரும்பிற்று. எஞ்சினும் உயிர்பெற்றது. ஆனால் வண்டியைப் பின்னுக்கு எடுத்து வளைக்கும்போது உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டு, ஸ்டீயரிங் பாதியில் நின்றுவிட்டது. இழுத்ததும் விட்டுக்கொடுத்தது.

"அது அப்படித்தான், ஒண்ணும் பண்ணாது" என்றார் அப்பா. அந்த 'அப்படித்தான்' என்ற சொல்லில் எனக்குள் ஏதோ சில்லிட்டது. எத்தனை நாளாக என்று கேட்டேன். பதிலில்லை. பின்னிருக்கையிலிருந்து அம்மா சொன்னாள்: "பொங்கலுக்கு முன்னாடியிருந்தே."

ஆறு மாதம். இந்த வண்டியில்தான் அவர் அம்மாவைக் கண் மருத்துவரிடம் அழைத்துப் போய் வந்திருக்கிறார். என்னிடம் சொன்னால் காரை விற்கச் சொல்வேன் என்ற பயம். சொல்லியிருப்பேன்தான்.

கடைத்தெருவிலிருந்து ஒரு மெக்கானிக்கை அழைத்து வந்தேன். இளைஞர். ஸ்டீயரிங் தண்டின் கீழ்மூடியைக் கழற்றிக் காட்டினார். சாவியை உருவியதும் ஸ்பிரிங் ஒரு சிறு இரும்புத் துண்டைத் தள்ளும்; தண்டில் வெட்டியுள்ள பள்ளத்தில் அது விழுந்து உட்காரும்; அவ்வளவுதான் பூட்டு. சக்கரம் ஒரு பக்கமாக அழுத்தி நின்றால் பள்ளத்தின் விளிம்பு அந்தத் துண்டைக் கவ்விக்கொள்ளும், சாவி திரும்பாது. ஆட்டினால் விடும். அது எல்லா வண்டிக்கும் உள்ளது, பழுதல்ல. எங்கள் வண்டியிலோ துண்டைப் பின்னிழுக்கும் பாகம் தேய்ந்து, சாவியைத் திருப்பிய பின்னும் அது முழுவதும் உள்ளே போகாமல் நுனி நீட்டிக்கொண்டிருந்தது.

"இப்படியே ஹைவேஸ்ல போகாதீங்க சார். வளைவுல விழுந்துச்சுன்னா முடிஞ்சது."

"தம்பி, நான் இதையேதான் ஓட்டிக்கிட்டு இருக்கேன்."

"தெரியுதுங்க ஐயா. இவ்வளவு நாள் விழலைங்கிறது உங்க நல்ல நேரம்."

அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் தரப்பை ஓர் அந்நியர் பேசியதில் எனக்கு நிம்மதியும், அவருக்காகச் சற்று வெட்கமும்.

பூட்டைத் தண்டோடு பிணைக்கும் போல்ட்டுகளுக்குத் தலை கிடையாது. திருடன் கழற்றக் கூடாதென்று, முறுக்கி முடிந்ததும் தலை ஒடிந்து விழும்படியே செய்திருக்கிறார்கள். மேற்கு ஜெர்மனியில் 1961லேயே கார்களுக்கு இத்தகைய பூட்டைக் கட்டாயமாக்கிய காலத்திலிருந்து திருடனை நினைத்தே வளர்ந்த பொருள் இது. சொந்தக்காரனும் ஒருநாள் கழற்ற நேரும் என்பதை யாரும் பெரிதாக எண்ணவில்லை. மெக்கானிக் உளியைச் சாய்த்து வைத்துச் சுத்தியலால் தட்டித் தட்டி ஒவ்வொன்றாகச் சுழற்றி எடுக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. பூட்டுத் துண்டையும் ஸ்பிரிங்கையும் உருவிவிட்டு, சாதாரண போல்ட் போட்டு மாட்டினார். இனி சாவி எஞ்சினை மட்டும் இயக்கும், ஸ்டீயரிங் பூட்டாது. "புதுசு கிடைக்கிற வரைக்கும் செயின் போட்டுப் பூட்டிக்குங்க."

கிளம்பும்போது அப்பாவின் சாவிக்கொத்தைக் கையில் தூக்கி எடைபார்த்தார். "இதையும் குறைங்க ஐயா. இவ்வளவு கனம் தொங்கினா பூட்டு சீக்கிரம் தேயும்." வெறும் பேச்சல்ல அது. 2014இல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம், ஓடும்போதே சாவி நழுவி எஞ்சின் அணைந்துவிடும் கோளாறுக்காக இலட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்தபோது, பழுது பார்க்கும் வரை கொத்தில் கார்ச் சாவியைத் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது என்றே உரிமையாளர்களுக்குச் சொன்னது. அந்தக் கோளாற்றால் நேர்ந்த 124 மரணங்களுக்கு இழப்பீடு தரப்பட்டது.

திரும்பும் வழியில் அப்பா பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் கொத்தைப் பிரித்து மேசைமேல் பரப்பினார். வாசல், கொல்லை, பீரோ, பழைய அலுவலக மேசை, எப்போதோ விற்றுவிட்ட சைக்கிள் என்று பதினோரு சாவிகள். கார்ச் சாவியை மட்டும் ஒரு நூலில் கோத்து என் பக்கம் நகர்த்தி வைத்தார். மற்றவற்றை எங்கே வைத்தார் என்று தெரியவில்லை. பீரோ சாவியை இரண்டு நாள் தேடினோம்.