கண்ணால் காணக் காத்திருந்தவளின் ஊர்

ராஜபாளையம் தாண்டி ரயில் தெற்கே இறங்கும்போது, மேற்கே மலைத்தொடரும் கிழக்கே கரிசல் காடும் கூடவே வருகின்றன. இறங்கி ஊருக்குள் நடந்தால் 125 அடி உயர ஒன்பது நிலை ராஜகோபுரம் எதிரே நிற்கும். எழுத்தில் சங்கரன்கோவில், ஊர்க்காரர் வாயில் சங்கரங்கோயில். நெல்லைச் சீமையின் இந்த ஊர், 2019 நவம்பர் 22 முதல் தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது.

இந்த ஊரின் கதை ஒரு வழக்கில் தொடங்குகிறது. சங்கன், பதுமன் என்ற இரண்டு நாகர்களுக்குள் வாக்குவாதம். சங்கனுக்குச் சிவன் பெரிது, பதுமனுக்குத் திருமால் பெரிது. வழக்கு அம்பிகையிடம் போனது. அவள் கேள்விப்பட்டதை வைத்துத் தீர்ப்புச் சொல்லவில்லை. உண்மையைக் கண்ணால் காண வேண்டும் என்று புன்னை வனத்தில் ஒற்றைக்காலில் தவம் நின்றாள். ஒரு பாதி சிவனும் ஒரு பாதி திருமாலுமாகச் சங்கரநாராயணர் காட்சி கொடுத்தார். இருவர் என்று எண்ணியவர் ஒருவரே. அந்தத் தவக்காரிதான் கோமதி.

ஆடித்தபசுத் திருவிழா இந்தக் காட்சியைத்தான் ஆண்டுதோறும் திரும்ப நடத்துகிறது. கால் கடுக்க நிற்கும் தாயின் நோவில் தாங்களும் பங்கெடுப்பதாக நம்பிப் பெண்கள் பிராகாரத்தை நூற்றியொரு முறை, அதற்கு மேலும் சுற்றுகிறார்கள். இதற்குப் பேர் ஆடிச்சுற்று. தபசன்று பருத்தி, வத்தல், தானியம் என்று காட்டில் விளைந்ததைச் சம்சாரிகள் கொண்டுவந்து சூறைவிடுகிறார்கள். மாலையில் சங்கரநாராயணர், இரவில் சங்கரலிங்கம் என இரண்டு காட்சிகள். சங்கரநாராயணர் சந்நிதியில் திருநீறும் உண்டு, தீர்த்தமும் உண்டு.

கோயில் எழுந்த கதையும் ஒரு தடயத்தில்தான் பிறக்கிறது. புன்னை வனத்துக் காவல்காரர் புற்றை வெட்டும்போது ஒரு பாம்பின் வால் அறுபட்டது. பக்கத்தில் லிங்கம் தெரிந்தது. அவர் சொன்ன சேதியைக் கேட்டு உக்கிரபாண்டியன் கோயில் எடுத்தான் என்கிறது தலபுராணம். இன்றும் பிரசாதம் புற்றுமண்தான். வீட்டில் பூச்சி பொட்டு நடமாடினால் தகட்டில் செய்த பாம்பு, தேள் உருவத்தை வாங்கி உண்டியலில் போட்டுவிட்டு, புற்றுமண்ணை முந்தானையில் முடிந்துகொண்டு போகிறார்கள்.

கோயிலைத் தாண்டினால் விசைத்தறி ஊர். நெசவாளர் தெருக்களில் பருத்திச் சேலைத் தறி ஓடும் சத்தம் ராத்திரியிலும் கேட்கும். விடியும்போது பூ மார்க்கெட்டில் மல்லிகை ஏலம். மத்தியானம் இந்த ஊர் பிரியாணிக்கென்றே வெளியூரிலிருந்து ஆள் வரும். யார் எந்தத் தறியில் இருக்கிறார், யார் வீட்டுப் பெண் எந்த பஸ்ஸில் போகிறாள் என்பது மூன்று தெருவுக்குத் தெரிந்திருக்கும்.

துப்பறியும் கதைகளில் ஒரு வகைக்கு இப்படிப்பட்ட ஊர்தான் வேண்டும். துப்பாக்கியும் துரத்தலும் இல்லாமல், ஊர்ப்பேச்சைக் காது கொடுத்துக் கேட்டே முடிச்சை அவிழ்க்கும் வகை அது. அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிள் 1930-இல் முதல் நாவலில் தோன்றியபோது, ஒரு சின்ன ஊரின் மூதாட்டியாகத்தான் வந்தார். தமிழில் இந்தப் பாதையில் பெண் தடம் பழையது. பள்ளிக்கூடம் போகாத வை.மு. கோதைநாயகி, கதைகளைத் தான் சொல்லப் பிறர் எழுதத் தொடங்கியவர். 1925-இல் 'ஜகன்மோகினி' இதழை ஏற்று நடத்தினார். நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதினார். அவற்றில் துப்பறியும் கதைகளும் உண்டு.

சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே, கழுகுமலை தாண்டினால் கோவில்பட்டி வட்டாரம். அங்கே இடைசெவல் என்ற ஒரே கிராமம் கி. ராஜநாராயணனையும் கு. அழகிரிசாமியையும் தந்தது. பூமணியும் சோ. தர்மனும் அந்தக் கரிசலில் முளைத்தவர்கள். கி.ரா.வின் புகழ்பெற்ற கதை ஒன்றுக்குப் பேரே 'கோமதி'. இவ்வளவு கதை விளைந்த மண்ணில், ஊர்ப்பேச்சிலிருந்தே துப்புத் துலக்கும் ஒரு பெண்ணின் கதையையும் வாசிக்க எனக்கு ஆசை.

அந்தக் கதைக்கு ஒரு புத்தகக் கடை போதும். சின்ன ஊரில் புத்தகக் கடை என்றால் கோனார் உரை, நோட்டு, பஞ்சாங்கம், முன்பக்கம் கிளிப்பில் தொங்கும் மாத நாவல். ரத வீதியில் அப்படி ஒரு கடை. கல்லாவில் ஒரு நடுவயதுப் பெண். பேனா வாங்க வருகிற தறிக்காரர் வீட்டுப் பெண்ணிடம் அவள் கேட்கிறாள்: “ஏட்டி, நேத்து ராத்திரி உங்க தெருவுல தறிச் சத்தமே கேக்கலையே, ஏன்?” மற்ற ஊரில் சத்தம் கேட்டுத் திடுக்கிட்டு எழுவார்கள். இங்கே சத்தம் நின்றால்தான் தூக்கம் கலையும். இந்தத் துப்பு இந்தத் தெருவில் படுத்துத் தூங்கியவளுக்கு மட்டுமே கிடைக்கும். சென்னையில் உட்கார்ந்து யோசித்தால் வராது.

ஆகவே இந்த ஊர்ப் பெண்களிடம் என் வேண்டுகோள் இது. உங்கள் தெருவை எழுதுங்கள். ஏல நேரத்தில் பூக்காரி யாரைப் பார்த்து முகம் திருப்பினாள், ஆடிச்சுற்றில் எண்ணிக்கையை யார் பாதியில் விட்டாள் என்பதெல்லாம் உங்கள் கண்ணில்தான் படுகிறது. அடுத்தவர் சொன்னதை நம்பாமல், தானே பார்க்க வேண்டும் என்று ஒருத்தி கால் கடுக்க நின்றதால்தான் இந்த ஊருக்கு ஒரு கதை கிடைத்தது. அடுத்த கதையும் அப்படி நின்று பார்க்கிற ஒருத்தியிடமிருந்தே வரும்.